உள்ளங்கை அளவு பச்சை

பச்சைதான், எத்தனை தடவை பார்த்தாலும் பச்சைதான், என்று டிக்கிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்த செல்வநாயகி, எடுத்த வேகத்தில் மறுபடியும் உள்ளே விட்டாள். இருட்டில் அப்படித் தெரிகிறதோ என்று செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தாள், அணைத்துப் பார்த்தாள், தோளில் கிடந்த துண்டின் நுனியில் எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தாள். துடைக்கத் துடைக்க அது கூச்சம் விட்டுப்போன மாதிரி இன்னும் பச்சையாகிக்கொண்டே வந்தது. ஸ்டெப்னி டயர் உட்காருகிற பள்ளத்துக்குப் பக்கத்தில், தகடு மடங்கி ஒளிந்துகொள்கிற மூலையில், பழைய பெயிண்ட், உள்ளங்கை அளவுதான் இருக்கும். உப்புத்தாள் போகாத இடம், ஆம்பிளைக் கை நுழையாத இடம், அவளுடைய கை சின்னதாக இருந்ததால் நுழைந்தது. நுழையாமலே இருந்திருக்கலாம். தூசி தட்டி வை என்று மாமா சொன்னால் மேலாகத் தட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே, மூலை முடுக்கெல்லாம் விரலை விட்டு நோண்டுகிற புத்தி எங்கிருந்து வந்தது. அந்த ரெண்டு சீட்டுக் கார், கூரை இல்லாத, மூக்கு நீண்ட, எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து இறங்கிய ஸ்போர்ட்ஸ் கார், உடம்பு முழுக்கச் சாம்பல் பிரைமரோடு விபூதியில் குளித்த மாதிரி ஷெட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியைச் சுற்றிப் பேப்பர் ஒட்டியாயிற்று. கம்ப்ரஸரில் காற்று ஏறியாயிற்று. மாமா, அதாவது அவள் வீட்டுக்காரன் தண்டபாணி, தின்னர் வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பதினோரு மணிக்குக் காரின் சொந்தக்காரர் டாக்டரம்மா வருவார், கடை மிஷினில் கலந்து வாங்கி மாதிரிக்கு அடித்து வைத்திருக்கும் சிவப்புத் தகட்டைப் பார்ப்பார், சரி என்று ஒரு வார்த்தை சொல்வார், அதோடு முடிந்தது, உள்ளும் புறமும் சிவப்பு, இந்த உள்ளங்கைப் பச்சையின் மேலும் சிவப்பு. இப்போது மணி பத்து. “மிதுனா, அதை வாயில வெக்காத சாமி.” உப்புத்தாள் துண்டைக் குழந்தையின் வாயிலிருந்து பிடுங்கி எறிந்தாள். சாக்லேட் என்றல்லவா சொன்னான் மாமா. இந்தக் காருக்குப் பிறந்த நிறம் சாக்லேட் என்று டாக்டரம்மாவுக்குப் போனில் சொல்லி இருபது நாள் ஆகிறது.

அப்போது அவள் தாராபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். மிதுனாவுக்கு மொட்டையடித்துக் காது குத்தப் போனவள், குத்தின காதில் சீழ் வைத்து, காய்ச்சல் வந்து, அது அம்மாவுக்கும் ஒட்டி, முழுசாக ஒரு மாதம் அங்கேயே தங்கிவிட்டாள். போகாமலே இருந்திருக்கலாம், அடுத்த மாசம் குத்தியிருந்தால் காது என்ன ஓடியா போகும். அந்த ஒரு மாதத்தில்தான் கார் வந்தது, வரும்போது உரிந்துபோன சிவப்பில் இருந்ததாம். டாக்டரம்மாவுடைய அப்பா ஓட்டிய கார். டாக்டரம்மாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பா அதை யாருக்கோ கொடுத்துவிட்டார், அது கை மாறிக் கை மாறி எந்தெந்த ஊர்க் கொட்டகையிலோ நின்று, இப்போது அறுபத்து மூன்றாவது வயதில் அவரே தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார். வாங்கியவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இந்தச் சிவப்பு நடுவுல யாரோ அடிச்சதா, பொறந்தப்பவே சிவப்பா, சுரண்டிப் பாத்துச் சொல்லுங்க, அப்பாகிட்ட இருந்தப்ப என்ன கலரோ அதுக்கே மாத்திடலாம். எனக்குப் பச்சையா இருந்த மாதிரி ஞாபகம், அப்பா மடியில உக்காந்து ஸ்டியரிங் புடிச்சிருக்கேன், முன்னாடி நீளமாப் பச்சை, ஆனா வீட்டுல இருக்கறது ஒரே போட்டோ, அதுவும் கறுப்பு வெள்ளை. மாமா தாராபுரத்துக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னபோது செல்வநாயகிக்கு ஆச்சரியமாக இருந்தது, டாக்டருக்குப் படித்தவர்களும் நம்மை மாதிரி அப்பா மடியைத்தான் பேசுகிறார்களா என்று. அப்புறம் அவன் கதவோரத்தில் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்திருக்கிறான். அப்படித் தேய்த்தால் பூச்சு ஒவ்வொன்றும் வளையம் வளையமாக வெளியே வரும், மேலே சிவப்பு, அடியில் வெள்ளை, அதற்கும் அடியில் இன்னொன்று, அதற்கப்புறம் தகடு. அந்த இன்னொன்றைப் பார்த்துத்தான் சாக்லேட் என்றான். போட்டோ எடுத்து அனுப்பட்டுங்களா மேடம் என்று கேட்டதற்கு, “வேண்டாம் தண்டபாணி, உங்க கண்ணுக்கு மேலயா என் போன்ல தெரிஞ்சிரப் போகுது” என்றாராம். உங்க கண்ணுக்கு மேலயா. அப்புறம் அந்தப் பக்கமிருந்து, “பாருங்களேன், அம்பத்தாறு வருசமாப் பச்சைன்னே நெனச்சிட்டிருந்தேன். நானாக் கட்டிக்கிட்ட கதை போல. அப்ப மடியில உக்காந்ததும் கதைதானோ என்னமோ. சாக்லேட்டெல்லாம் வேண்டாம், யாரோட காரோ மாதிரி இருக்கும். சிவப்பாவே இருந்துட்டுப் போகட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டாராம். சிவப்பாவே இருந்துட்டுப் போகட்டும் என்று மாமா சொல்லிக் காட்டியபோது அவன் குரலிலும் லேசாக ஒரு வருத்தம் இருந்தது. நிறத்தோடு சேர்ந்து மடியும் போயிற்றே என்று அன்றைக்கு அவளும் உச்சுக் கொட்டினாள், உச்சுக் கொட்டிவிட்டுக் குழந்தைக்கு மருந்து ஊற்றப் போய்விட்டாள். இன்றைக்கு அப்படிப் போக முடியவில்லை. அந்த மடி இந்த டிக்கி மூலையில் பத்திரமாக இருக்கிறது, அவள் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள்.

தண்டபாணிக்குப் பச்சை தெரியாது. சிவப்பும் சரியாகத் தெரியாது. பிறந்ததிலிருந்தே அப்படி. இது உலகத்தில் ரெண்டே பேருக்குத்தான் தெரியும், அவனுக்கும் அவளுக்கும். கார் பெயிண்டருக்கு அப்படி என்றால் யாராவது நம்புவார்களா, ஆனால் பதினாலு வயதில் அவன் ஷெட்டுக்குப் போனது பட்டி பார்க்கத்தான், நிறம் கலக்க இல்லை. ஒடுங்கின தகட்டின் மேல் உள்ளங்கையை ஓட்டினான் என்றால் தலைமுடி கனத்துக்கு மேடு இருந்தாலும் சொல்லிவிடுவான். புது வண்டிகளுக்கு நம்பர் சொன்னால் கடையில் மிஷினே கலந்து கொடுத்துவிடும், பழைய வண்டிக்குத்தான் கண் வேண்டும், அதற்கு முதலாளி இருந்தார். தனியாக ஷெட்டுப் போட்ட பிறகுதான் வந்தது வினை. அவளுடைய வளைகாப்புக்குப் பச்சையும் சிவப்பும் சரிபாதியாக வளையல் வாங்கி வரச் சொன்னதற்கு, அட்டைப்பெட்டி நிறையச் சிவப்பாகவே வாங்கிக்கொண்டு வந்து நின்றான். பச்சை எங்கே என்று நாத்தனார் கேட்க, இதுல பாதி அதுதானே என்று சொல்லிவிட்டு அவன் முழித்த முழி. கேலி பண்ணுகிறான் என்று எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை, சந்தனம் பூசின கன்னத்தோடு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவனும் பார்த்தான், இவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பாவம், இந்த மனுசனுக்குத் தென்னந்தோப்பும் மருதாணியும் என்னவாகத்தான் தெரிகிறதோ என்று அவளுக்கு அழுகையும் வந்தது, அப்படியொரு பிரியமும் வந்தது, எது முன்னால் வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. “சிக்னல்ல மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சாப் போகணும், அவ்வளவுதான் நாயகி எனக்கு” என்று மறுநாள் சொன்னான். குழந்தை பிறந்து மூன்றாம் மாதத்திலிருந்து அவள் ஷெட்டுக்கு வர ஆரம்பித்தாள். வந்து பேசவா போகிறாள், கஸ்டமர் முன்னால் வாயே திறக்காதவள். குழந்தையை இடுப்பில் வைத்துத் தூணோரம் நிற்பாள், அவன் டப்பாவில் கலக்குவான், அவள் குழந்தையைக் கொஞ்சுவாள். தங்கம் என்றால் மஞ்சள் இன்னும் கொஞ்சம். சாமி என்றால் சிவப்பு. கண்ணு என்றால் கறுப்பில் ஒரு சொட்டு. அம்மணி என்றால் வெள்ளை. போதுமா புள்ளைக்கு என்றால் நிறுத்து. இந்தப் பொண்ணுக்குக் குழந்தை மேல் என்ன பாசம் என்று கஸ்டமர்கள் சொல்லிக்கொண்டு போவார்கள். மிதுனாவுக்குத்தான் குழப்பம், கண்ணு என்று கூப்பிட்டால் அம்மாவைப் பார்க்காமல் அப்பாவின் டப்பாவைப் பார்க்கிறது. ஆனால் எல்லாமே தப்பு, முதலிலிருந்தே தப்பு என்பதற்கு அவர்களிடம் ஒரு செல்லப்பேர் கிடையாது. அப்படி ஒன்று தேவைப்படும் என்று ரெண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

அதுவும் எப்படிச் சொல்வது, நேற்றுச் சாயங்காலம் பஸ் விட்டு இறங்கியவளிடம் பையை வாங்குவதற்கு முன்னால் அவன் சொன்ன முதல் பேச்சே அதுதானே. “நீ இல்லாமயே ஒரு கலரக் கண்டுபுடிச்சிட்டேன் பாத்தியா. பச்சை பச்சைன்னு அந்தம்மா சொல்லியும் நான் மயங்கலையே.” எப்படிக் கண்டுபிடித்தான் தெரியுமா, கடையில் ஒரு சாக்லேட் வாங்கி, காகிதத்தைப் பிரித்து, தேய்த்த இடத்துக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்துப் பார்த்திருக்கிறான், அச்சு அசலாக ஒன்றுபோல இருந்ததாம், வண்டி ஓட்டிக்கொண்டே திரும்பித் திரும்பிச் சொன்னான். “அப்பறம் அந்த சாக்லேட்டை என்ன பண்ணுனீங்க?” “தின்னுட்டேன்.” முப்பத்தோரு வயது ஆள், வெயிலில் நின்று காருக்குப் பக்கத்தில் சாக்லேட்டைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு. அவன் முதுகில் முகத்தை வைத்துச் சிரித்தபடியே வீடு வரைக்கும் வந்தாள். அந்த முதுகை இப்போது என்ன செய்வது. சொல்லாமல் விட்டால் என்ன ஆகிவிடும். சிவப்பும் நல்ல நிறம்தானே, ஊட்டியில் பழைய கார்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு போகும்போது எல்லாரும் சிவப்பைத்தான் நின்று பார்ப்பார்கள். டாக்டரம்மா இனி டிக்கிக்குள் தலையை விட்டு எதைத் தேடப் போகிறார், அவருக்கு முட்டி வலி வேறாம். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், சரி, எனக்குத் தெரிந்தது எத்தனையோ எனக்குள்ளேயே கிடக்கிறது, அதோடு இதுவும் கிடக்கட்டும். சொன்னால் மட்டும் என்ன ஆகும், கலர் தெரியாத பெயிண்டர் என்று இந்த ரோட்டில் இருக்கிற டிங்கர் கடை எல்லாம் நாளைக்குச் சிரிக்கும், அப்புறம் எவன் பழைய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான், மாமா மறுபடியும் யாரோ ஒருத்தர் ஷெட்டில் பட்டி தேய்க்கப் போக வேண்டியதுதான். வேறு ஏதாவது சொல்லலாமா. பாசி பிடித்திருக்கிறது என்று சொல்லலாமா, தகட்டில் ஏது பாசி. நான்தான் பார்த்துச் சொன்னேன், நான்தான் தப்பு என்று சொல்லலாமா. சொல்வதற்கு முதலில் வாய் வேண்டுமே. ஆறாம் வகுப்பில் சார் வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் சொல்கிற உள்ளேன் ஐயா அவளுடைய பெஞ்சைத் தாண்டாது, சார் நிமிர்ந்து பார்க்காமல் வரவில்லை என்று போட்டுவிடுவார், அவளும் இன்னொரு தடவை சொல்ல மாட்டாள், வருஷ முடிவில் பார்த்தால் தினமும் போன பிள்ளைக்கு நாற்பது நாள் ஆப்சென்ட். அப்பா அடிக்க வந்தார், எங்க போய்த் திரிஞ்சே என்று. அங்கேயேதான் இருந்தேன், மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரம், இருந்தேன். அதையும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் பள்ளிக்கூடமும் நின்றுபோனது. மிதுனா எழுந்து தள்ளாடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது, மொட்டைத் தலையில் முளைக்கிற முடி முட்டியில் குறுகுறுத்தது. தூக்கிக்கொண்டாள். நாளைக்கு இந்தப் பிள்ளையிடம் ஒருத்தர், உங்க அம்மா உன்னை மடியிலேயே வைத்ததில்லை, அதெல்லாம் நீயாகக் கட்டிக்கொண்டது என்று சொன்னால், யாராவது ஒருத்தர், இல்லை, நான் பார்த்தேன் என்று சொல்ல மாட்டார்களா. ஆனால் மாமா முகம். அந்த முகம் சாக்லேட் தின்ற முகம். சிவப்பே இருக்கட்டும். இல்லை, சொல்லிவிடலாம். டாக்டரம்மாவிடம் சொல்வதா, அய்யோ, புருசனைத் தாண்டிப் போய் அவன் குறையை இன்னொருத்தரிடம் சொல்வதா, அதைவிட இந்த டிக்கியைச் சாத்திவிட்டுப் போய் உலை வைக்கலாம். சாத்தினாள். ரெண்டு எட்டு நடந்தாள். திரும்பி வந்து திறந்தாள். இன்னும் பச்சையாகவே இருந்தது.

வாசலில் முதலில் மாமாவின் வண்டிச் சத்தம் கேட்டது, அதன் பின்னாலேயே ஒரு கார் வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்துவிட, டாக்டரம்மா ஒரு கையால் கதவையும் ஒரு கையால் முட்டியையும் பிடித்துக்கொண்டு இறங்கினார். கத்தரித்த நரைமுடி, பருத்திப் புடவை, ஸ்போர்ட்ஸ் ஷூ. செல்வநாயகி நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். “இதுதான் உங்க பொண்ணா தண்டபாணி? ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல மொட்டை போட்டுட்டீங்களா, புள்ளைக்கும் காருக்கும்” என்று சிரித்தார். தண்டபாணியும் சிரித்தான். செல்வநாயகி குழந்தையைத் தூக்கிக்கொண்டு காருக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். அவன் தின்னர் கேனைக் கீழே வைத்துவிட்டு, சிவப்புத் தகட்டை வெயிலுக்குக் கொண்டுபோய்க் காட்டினான். டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. லிப்ஸ்டிக் போட்ட மாதிரி. எங்கப்பா பாத்திருந்தா, ஏன்டி காருக்குக் கல்யாணமான்னு கேட்டிருப்பாரு.” தகட்டைத் திருப்பினார், மறுபடியும் திருப்பினார். அதில் பார்க்க வேறொன்றும் இல்லை, ஆனாலும் திருப்பினார். “சரி. அடிச்சிருங்க.”

“மாமா.” அது தன் வாயிலிருந்துதான் வந்தது என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, டாக்டரம்மாவும் திரும்பிப் பார்த்தார். “இங்க ஒரு நிமிசம் வாங்க.” அவன் வந்தான். அவள் லைட்டை அடித்துக் காட்ட, குனிந்து தலையை உள்ளே விட்டான். “இதான், இதேதான், கதவுல இருந்ததும் இதே சாக்லேட்” என்றான் சந்தோஷமாக. அவளும் குனிந்தாள். டிக்கிக்குள் ரெண்டு தலையும் ஒட்டிக்கொண்டு நின்றன, நடுவில் மிதுனாவின் மொட்டைத் தலை. “பச்சைங்க மாமா” என்றாள் மெதுவாக. அவன் இன்னும் கொஞ்சம் உள்ளே குனிந்தான். “நல்லாப் பாத்தியா?” “பாத்தேன்.” “வெளிச்சத்துல?” “வெளிச்சம் போட்டும் பாத்தேன், தொடச்சும் பாத்தேன், அஞ்சு தடவை பாத்தேன்.” அவன் தலையை வெளியே எடுக்கவில்லை. பிடரியில் காய்ந்த பட்டித் துகள் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைத் துடைத்துவிட வேண்டும் போல இருந்தது, இப்போது தொட்டால் உடைந்துவிடுவானோ என்று பயமாகவும் இருந்தது. “நான்தான் தப்பாச் சொன்னேன்னு சொல்லிரட்டுங்களா? நான் பாத்துச் சொல்லித்தான் நீங்க...” “நீதான் தாராபுரத்துல இருந்தியே” என்றான். அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு முட்டியது, அவனுக்கும் ஒரு மூச்சுச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அப்புறம் அவனாகவே, தகட்டிடம் பேசுகிற மாதிரி, “மடியில உக்காந்ததே கதைன்னு சொன்னாங்க நாயகி, அன்னைக்கு” என்றான். நிமிர்ந்தான். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு நேராக நடந்தான். ஒரு எட்டில் பிடித்து நிறுத்தியிருக்கலாம், அவள் நிறுத்தவில்லை.

“மேடம், உங்க ஞாபகம்தான் சரிங்க. பச்சைதான். நான் சொன்னது தப்பு.”

“என்ன சொல்றீங்க?”

“எனக்குப் பச்சை தெரியாதுங்க மேடம். பொறந்ததுல இருந்தே. கலரு பாக்கறதெல்லாம் எங்கூட்டுல அவதான். ஊருக்குப் போயிருந்தா. நானாப் பாத்துட்டேன்.”

கம்ப்ரஸர் எங்கோ லேசாகக் காற்று விட்டுக்கொண்டிருந்தது. டாக்டரம்மா சிவப்புத் தகட்டை அப்படியே தரையில் வைத்தார். காரைச் சுற்றிக்கொண்டு வந்தார், டிக்கி விளிம்பைப் பிடித்தார், முட்டி மடங்கவில்லை, ஸ் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பை வளைத்துத் தலையை உள்ளே விட்டார். செல்வநாயகி லைட்டைப் பிடித்தாள். ரொம்ப நேரம் ஆனது. உள்ளேயிருந்து டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி குரல் வந்தது. “உக்காந்திருந்தேன்.” மறுபடியும், “நான் உக்காந்துதான் இருந்தேன்.” தலையை வெளியே எடுத்தபோது கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது, புடவைத் தலைப்பால் துடைக்கத் துடைக்கப் படிந்தது. தண்டபாணி தின்னர் கேனின் மூடியைத் திருகுவதும் இறுக்குவதுமாக நின்றான். டாக்டரம்மா அவனைப் பார்த்தார். “ஏங்க, ஒரு போட்டோ அனுப்பறேன்னு நீங்க சொன்னப்ப வேண்டாம்னு சொன்னவ நான்தானே. எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல, உங்களைச் சொல்லி என்ன.” மூக்கை உறிஞ்சினார். “இந்தப் பச்சையக் கொண்டு வந்துருவீங்களா?”

“கொண்டு வந்தர்லாங்க. நான் கலக்குவேன், அவ சொல்லுவா.”

“எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும்.” அப்புறம் செல்வநாயகியின் பக்கம் திரும்பினார். அவள் காருக்குப் பின்னால் போக ஒரு எட்டு வைத்தாள், போக இடமில்லை. “உன் பேர் என்னம்மா? நாயகியா? முழுசா அடிச்சு வெயில்ல நிறுத்துனா எப்படி இருக்கும் நாயகி? எனக்கு ஏழு வயசு அப்ப. பச்சைன்னு தெரியுது, எந்தப் பச்சைன்னு தெரியல.”

அவள் புருசனைப் பார்த்தாள். அவன் மூடியைத் திருகுவதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். “கருவேப்பிலையை அலசுனதும் தண்ணி சொட்டச் சொட்ட எப்படி இருக்குங்கம்மா, அந்த மாதிரி இருக்குமுங்க” என்றாள். “காஞ்சது இல்லீங்க, பறிச்ச ஒடனே. நெழலுக்குப் போனா கறுப்புன்னே நெனச்சுக்குவாங்க. வெயில் பட்ட எடத்துல மட்டும் உள்ளுக்குள்ள இருந்து வெளிச்சம் வர்ற மாதிரி...” நிறுத்தினாள். முகமெல்லாம் சூடாக இருந்தது.

“அப்பறம்?” என்றார் டாக்டரம்மா.

“அப்பறம்?” என்றான் தண்டபாணியும்.